சீன மூலிகைப் பாகு: வீட்டில் தயாரிப்போர் அறிய வேண்டியவை

குளிர்காலம் நெருங்கும்போது ஷாங்காய் நகரின் சீன மருத்துவமனைகளில் பலர் நாடிச் செல்வது ‘காவ் ஃபாங்’ எனப்படும் மூலிகைப் பாகையே. மருத்துவர் ஒவ்வொருவரின் உடல்நிலைக்கேற்ப எழுதித் தரும் மூலிகைகளைக் கொதிக்கவைத்து, வடித்து, கழுதைத் தோலிலிருந்து எடுக்கப்படும் பசையும் சர்க்கரையும் சேர்த்து இறுக்கப்படும் மருந்து அது. அதனை வீட்டில் முயல்வது உகந்ததன்று. வீட்டு அடுப்புக்கு ஏற்றது ‘சியூ லி காவ்’ என்னும் பேரிக்காய்ப் பாகு. இலையுதிர் காலத்தின் வறட்டு இருமலுக்குப் பெய்ஜிங் மக்கள் நெடுங்காலமாகப் பயன்படுத்தி வருவது.

2 கிலோ பேரிக்காயைத் தோலுடன் துருவி, கொட்டை நீக்கிய 15 சிவப்பு இலந்தைப் பழங்கள், 30 கிராம் இஞ்சி, 100 கிராம் கற்கண்டு ஆகியவற்றுடன் மண்பாத்திரத்திலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ இட வேண்டும். இரும்பும் அலுமினியமும் ஆகா. அரை மணி நேரம் கொதித்தபின் மெல்லிய துணியில் பிழிந்து, சாற்றை மட்டும் சிறு தீயில் சுண்டவிட வேண்டும். இங்கேதான் பொறுமை தேவை: இறுதிக் கால் மணி நேரம் கிளறுவதை நிறுத்தினால் அடிபிடித்துக் கசந்துவிடும். குளிர்ந்த தட்டில் விட்ட துளி பரவாமல் நின்றால் பதம் வந்துவிட்டது. லேகியம் கிண்டிப் பழகிய கைகளுக்கு இது புதிதன்று. வெதுவெதுப்பாக ஆறியபின் தேன் கலந்து, கொதிநீரில் கழுவி உலர்த்திய கண்ணாடிப் புட்டியில் நிரப்பிக் குளிர்பதனப் பெட்டியில் வைக்கலாம். ஈரக் கரண்டி படக்கூடாது. பூஞ்சணம் கண்டால் மேற்பகுதியை வழித்தெறிந்துவிட்டு மீதியை உண்ணலாகாது. முழுவதையும் கொட்டிவிட வேண்டும்.

தேன் சேர்ந்த பாகை ஒரு வயது நிறையாத குழந்தைக்கு ஒரு துளியும் தரலாகாது. நீரிழிவு உள்ளவர்களுக்கும் இது ஏற்றதன்று.

பாகை வலுப்படுத்தும் எண்ணத்தில் கடையில் கிடைக்கும் வேர்களைச் சேர்ப்பதே பெரும் ஆபத்து. ‘ஃபூ ஸி’, ‘சாவ் வூ’ ஆகியவை வச்சநாபி இனத்தைச் சேர்ந்தவை. முறையாகப் பக்குவப்படுத்தாவிடில் இதயத் துடிப்பைச் சீர்குலைத்து உயிரைப் பறிக்கும். ‘தாங் குவெய்’, ‘தான் ஷென்’ ஆகியவை வார்ஃபரின் உட்கொள்வோரிடம் இரத்தக்கசிவை உண்டாக்கக்கூடும். ஆஸ்திரேலியாவில் சீன மருத்துவர்கள் 2012 ஜூலை முதல் தேசிய அளவில் பதிவு செய்யப்படுகின்றனர். மூலிகை வாங்குமுன் அவர்களிடமோ குடும்ப மருத்துவரிடமோ கேட்டறியலாம். உட்கொண்டபின் நாக்கு மரத்தாலோ நெஞ்சு படபடத்தாலோ உடனே 000. மற்ற ஐயங்களுக்கு நச்சுத் தகவல் மையத்தின் 13 11 26 என்ற எண் இரவும் பகலும் இயங்குகிறது.