கார் கதவில் ஒடுக்கா? கிளெய்முக்கு முன் கணக்குப் பாருங்கள்

மண்ணச்சநல்லூரில் அரிசி ஆலை லாரிக்கு ஒதுங்கி வழிவிடும்போது கார் கதவு எங்காவது உரசி ஒடுங்கினால், ‘இன்சூரன்ஸ்தான் இருக்கிறதே’ என்று உடனே கிளெய்ம் போடுவது பெரும்பாலும் நஷ்டம். ஐந்தாண்டு கிளெய்ம் இல்லாதவருக்கு, சொந்தச் சேதத்துக்கான பிரீமியத்தில் 50 சதவீதம் போனஸ் கழிவு உண்டு. ஒரே கிளெய்மில் அது பூஜ்யமாகி, 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50-ஐத் தொடும். அந்தப் பிரீமியம் ஆண்டுக்கு 8,000 ரூபாய் என்றே வைத்தால், இடையில் கைவிட்டுப் போவது 10,000 ரூபாய். டிங்கரிங், பட்டி, பெயிண்ட் எல்லாம் அதற்குள் முடியுமென்றால் கிளெய்ம் எதற்கு? கிளெய்ம் போட்டாலும் 1,500 சிசி வரையான காருக்குக் கட்டாயக் கழிவாக 1,000 ரூபாயை நீங்களே ஏற்கவேண்டும்.

‘பிறகு எதற்குப் பிரீமியம் கட்டுகிறோம்?’ என்பது நியாயமான கேள்வி. கதவையே மாற்றவேண்டும், கதவுத் தூணும் வளைந்திருக்கிறது என்றால் தயங்காமல் கிளெய்ம் போடுங்கள், அதற்குத்தான் பாலிசி. ‘ஜீரோ டெப்’ எடுத்திருக்கிறேன் என்பார்கள் சிலர். அது தேய்மானக் கழிவைத்தான் தவிர்க்கும், போனஸைக் காப்பாற்றாது. அதற்குத் தனிச் சேர்க்கை உண்டு. கிளெய்ம் போடுவதானால் படம் எடுத்து, நிறுவனத்துக்குத் தெரிவித்து, அவர்கள் பார்த்த பிறகே பட்டறையில் வேலையைத் தொடங்க விடுங்கள். வண்டியை எடுக்கும்போது கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பாருங்கள். கதவின் அடிவிளிம்பில் உள்ள சிறு வடிகால் துளைகளைப் பட்டி அடைத்திருந்தால் மழைநீர் உள்ளே தங்கி, கதவு துருப்பிடிக்கும்.