ஊர் பார்க்காத கோயில்

காலையில் அரை மணி நேரம் நடை. காபியில் சர்க்கரை கிடையாது. ராத்திரிக்கு இரண்டு இட்லியோடு சரி. இத்தனையும் செய்து, பதினைந்தாம் நாள் எடை மெஷினில் ஏறினால் முள் பழைய இடத்திலேயே நிற்கிறது! 'எல்லாம் வீண்' என்று மறுநாளே நடையை நிறுத்திவிடுகிறோம். கோபம் குறையத் தொடங்கிய தியானத்துக்கும் இதே கதிதான். 'நீ இப்போதெல்லாம் அமைதியாகிவிட்டாய்' என்று வீட்டில் ஒருவராவது சொன்னார்களா என்ன?

இப்படி மனம் சோர்ந்திருக்கும் சகோதரிகள், பூசலார் நாயனாரின் சரிதத்தை நிதானமாகப் படிக்க வேண்டும். 'மனத்தில் கோயில் கட்டினார், ஈசன் எழுந்தருளினார்' என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறோம். எப்படிக் கட்டினார் என்பதில்தான் நமக்குப் பாடம் இருக்கிறது.

திருநின்றவூரில் சிவாலயம் எழுப்ப ஆசைப்பட்டார் பூசலார். எங்கு தேடியும் பொருள் கிடைக்கவில்லை. மனத்துக்குள்ளேயே பொருள் சேர்த்தார். தச்சர்களைத் தேடிக்கொண்டார். நல்ல நாள் பார்த்து வேலையைத் தொடங்கி, இரவிலும் உறங்காமல் கட்டினார். விமானம் எழும்பியது. சுதை பூசினார், கிணறு வெட்டினார், மதில் எழுப்பினார், குளமும் தோண்டினார். மனத்தில் கட்டுவதுதானே, கண்மூடித் திறப்பதற்குள் முடித்திருக்கலாம் அல்லவா? அவர் அப்படிச் செய்யவில்லை. நெடுநாள் எடுத்துக்கொண்டார்!

அப்போது காஞ்சியில் பல்லவ மன்னர் ஒரு கற்றளி எழுப்பியிருந்தார். அதன் பிரதிஷ்டைக்கு முந்தைய இரவு ஈசன் கனவில் வந்து, மறுநாள் பூசலார் கட்டிய ஆலயத்துக்குத் தாம் செல்வதாகவும், மன்னரின் விழாவை வேறு நாளுக்கு மாற்றும்படியும் அருளினார். திருநின்றவூருக்கு ஓடோடி வந்த மன்னர், அந்தக் கோயில் எங்கே என்று விசாரித்தார். 'அப்படி ஒரு கோயிலே இங்கு இல்லையே' என்றார்கள் ஊரார். அடுத்த வீட்டுக்காரருக்கும் தெரியாமல் அத்தனை வேலை நடந்திருக்கிறது!

நம் உடம்பிலும் இப்படித்தான். சர்க்கரை நோயாளிகளுக்கு மூன்று மாத சராசரி பார்க்கும் ரத்தப் பரிசோதனை உண்டு. எடை மெஷின் காட்டாத முன்னேற்றம் அதில் தெரிவதுண்டு. மனத்துக்கு அப்படி லேப் கிடையாது. நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். நாத்தனார் சொன்ன ஒரு சொல் முன்பெல்லாம் மூன்று நாள் மனத்தில் ஓடும். இப்போது சாயங்காலத்துக்குள் ஆறிவிடுகிறதா? மதிலில் ஒரு வரிசை ஏறிவிட்டது! நடுராத்திரி விழித்தாலும் மறுபடி கண் அசருகிறதா? அதுவும் ஒரு வரிசைதான்.

மாலை விளக்கேற்றியதும், 'இன்று எந்தக் கல் வைத்தேன்?' என்று உங்களையே கேளுங்கள். ஸ்ரீராமஜெயம் எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு ஒரு வரி குறியுங்கள். யாரிடமும் காட்ட வேண்டாம். (காட்டினால் பிள்ளைகள் கிண்டல் செய்வார்கள், அது வேறு விஷயம்!) ஒன்றுமே இல்லாத நாளில் தேதி மட்டும் போதும். ஆனால், 'நன்றாகிவிட்டேன்' என்று டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.

பூசலாரின் இதயத்தில் எழுந்தருளிய ஈசன், திருநின்றவூரில் இருதயாலீஸ்வரர் என்ற திருநாமத்தோடு அருள்கிறார். அம்பாள் மரகதாம்பாள். இருதய நோய் உள்ளவர்கள் தேடி வந்து வேண்டிக்கொள்ளும் தலம் இது. சென்னை சென்ட்ரலிலிருந்து திருவள்ளூர் செல்லும் மின்சார ரயிலில் போகலாம். ஸ்டேஷன் படிக்கட்டில் எத்தனையாவது படியில் மூச்சு வாங்குகிறது என்று எண்ணிக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது நோட்டில் எழுத உதவும்.