ஸ்லோ நிக்கலையா? அவசரப்பட்டு கார்பரேட்டரைக் கழற்றாதே!

— மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் மாணவன்

மலருக்கு ஏதாவது எழுதித் தாங்கன்னு மலர்க்குழுவினர் கேட்டபோது, கவிதை எழுதிடலாம்னுதான் நினைச்சேன். கவிதைக்கு சிவில் பிரிவிலேயே பத்துப் பேர் வரிசையில் நிற்பதாகச் சொன்னார்கள். ஆகவே எனக்குத் தெரிஞ்ச ஒரே விஷயத்தை எழுதுகிறேன். அதுவும் நான் தப்பா செஞ்சு கத்துக்கிட்ட விஷயம்.

ஒர்க்‌ஷாப்புக்கு வருகிற பழைய பெட்ரோல் கார்களில் அடிக்கடி கேட்கும் புகார் இதுதான்: "ஸ்லோ நிக்கல", "சிக்னல்ல ஆஃப் ஆகுது", "நின்னா உதறுது, ஓட்டினா சரியாயிடுது". இதில் கடைசிப் புகாரைக் கொஞ்சம் நிறுத்திக் கவனிக்கணும். ஓட்டினா ஏன் சரியாகுது? இந்தக் கேள்விக்கு விடை தெரிந்தால் பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

நம்ம லேப்பில் நிற்கும் மாருதி 800 என்ஜினையே எடுத்துக்குவோம். மூன்று சிலிண்டர், 796 சிசி, ஃபயரிங் ஆர்டர் 1-3-2. ஐட்லிங் 900 ஆர்.பி.எம். என்று வச்சுக்கலாம். ஃபோர் ஸ்ட்ரோக் என்பதால் ஒரு சிலிண்டருக்கு நிமிடத்துக்கு 450 பவர் ஸ்ட்ரோக். மூன்றுக்கும் சேர்த்து 1350, அதாவது ஒரு விநாடிக்கு இருபத்திரண்டரை. அதில் ஒரு சிலிண்டர் மிஸ் அடித்தால் விநாடிக்குப் பதினைந்து. மூணுல ஒண்ணு போச்சு! நாலு சிலிண்டர் வண்டியில் ஒன்று செத்தாலும் மீதி மூணு தாங்கும். இதில் ஸ்டியரிங்கைப் பிடித்தாலே கை நடுங்கும்.

இப்போ காற்றுக் கணக்கு. 900 ஆர்.பி.எம்-ல் இந்த என்ஜின் நிமிடத்துக்கு 796 பெருக்கல் 450, ஏறக்குறைய 358 லிட்டர் கொள்ளளவை இழுக்கிறது. ஆனா ஐட்லிங்கில் பட்டர்ஃபிளை கிட்டத்தட்ட மூடியிருக்கு. மேனிஃபோல்டில் சுமார் 18 அங்குலம் வேக்குவம் நிற்கும். வெளி அழுத்தம் 30 அங்குலம்னா உள்ளே மிச்சம் 12 அங்குலம்தான், நாற்பது சதவீதம். ஆக, வெளியிலிருந்து உண்மையில் உள்ளே போகும் காற்று மிஞ்சிப்போனா 140 லிட்டர்.

இந்த நிலையில் ஏதோ ஒரு ஹோஸில் 2 மில்லிமீட்டர் ஓட்டை விழுந்ததாக வையுங்கள். தெர்மல் பாடத்தில் நாசில் கணக்கு போட்டோமே, கிரிட்டிக்கல் பிரஷர் ரேஷியோ 0.528 என்று? அதை அப்போ பரீட்சைக்குன்னு மட்டும்தான் நான் படிச்சேன். அது இங்கேதான் வருது. உள் அழுத்தம் 0.4 என்பதால் அந்தப் பொடி ஓட்டையில் காற்று ஒலி வேகத்தில் பாய்கிறது. டிஸ்சார்ஜ் கோஎஃபிஷியன்ட் 0.7 போட்டால் நிமிடத்துக்கு 25 லிட்டர் வரும். 140-ல் 25 என்றால் பதினெட்டு சதவீதம். கார்பரேட்டருக்குத் தெரியாமல் பின்வாசல் வழியா வந்த காற்று அது. மிக்சர் 14.7-க்கு ஒன்று என்றிருந்தால் 17-ஐத் தாண்டிவிடும். ஐட்லிங்கில் பழைய எரிந்த வாயுவும் சிலிண்டரில் நிறைய தங்கியிருப்பதால் இந்த மெலிந்த மிக்சர் சில தடவை பிடிக்கும், சில தடவை பிடிக்காது. அதைத்தான் நாம "உதறுது"ன்னு சொல்றோம்.

அதே வண்டியை 3000 ஆர்.பி.எம்-ல் பட்டர்ஃபிளை நன்றாகத் திறந்து ஓட்டும்போது உள்ளே போவது ஆயிரம் லிட்டருக்கு மேல். வேக்குவமும் விழுந்துவிட்டதால் ஓட்டை வழியா வருவதும் குறைகிறது. மொத்தத்தில் அது மிகச் சிறிய பங்குதான். என்ஜினுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஓட்டினா சரியாகிறதன் ரகசியம் இதுதான்.

அதனால் முதல் சோதனைக்கு ஸ்பேனரே வேண்டாம். ரேஸ் பண்ணிப் பாருங்கள். ரேஸில் உதறல் அடங்கிவிட்டால் ஏர் லீக், அல்லது கார்பரேட்டரின் ஸ்லோ சர்க்யூட் பக்கம் சந்தேகப்படணும். மேட்டில் லோடு கொடுக்கும்போதும் மிஸ் அடித்தால் பிளக், கேபிள், கம்ப்ரஷன், பெட்ரோல் சப்ளை பக்கம் போகணும். நூற்றுக்கு நூறு இது பொருந்தும்னு சொல்ல மாட்டேன். ஆனா எந்தக் கதவை முதலில் தட்டுவது என்று சொல்லிவிடும்.

பிளக் பக்கம் என்றால் ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்க்கும் பழைய முறை இருக்கு. எந்த சிலிண்டரை நிறுத்தினால் ஆர்.பி.எம். விழவில்லையோ, அதுதான் வேலை செய்யாத சிலிண்டர். இங்கே ஒரு எச்சரிக்கை. கேபிளைப் பிடுங்கி அந்தரத்தில் விடக்கூடாது, ஸ்பார்க் போக வழியில்லாமல் காயிலும் எலக்ட்ரானிக் இக்னிஷனும் கெட்டுப்போகும். கேபிளை பாடியில் எர்த் பண்ணியே பார்க்கணும். காட்டலிட்டிக் கன்வர்ட்டர் உள்ள வண்டியில் அதையும் செய்யாதீங்க. எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும். இன்ஜெக்டர் வண்டி என்றால் இன்ஜெக்டர் கனெக்டரைக் கழற்றினால் போதும், பெட்ரோலே வராது.

ஸ்லோ சர்க்யூட்டில் முதலில் பார்க்க வேண்டியது சோலினாய்டு வால்வு. சாவி ஆன் பண்ணி, என்ஜினை ஸ்டார்ட் பண்ணாமல், அதன் ஒயரைக் கழற்றி மாட்டுங்கள். 'டிக்'னு சத்தம் கேட்கணும். கேட்கலைன்னா கரண்ட் வருதான்னு டெஸ்ட் லாம்பில் பாருங்கள். அந்த ஒரு ஒயர் லூஸானாலே வண்டி ஆக்சிலரேட்டரில் ஓடும், காலை எடுத்தா செத்துப்போகும். அதற்காக கார்பரேட்டரையே முழுசா பிரித்துப்போட்டதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பிரித்ததில் என் கையும் இருந்தது.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

இன்-பிளான்ட் டிரெயினிங்குக்கு ஒரு ஒர்க்‌ஷாப்பில் இருந்தேன். வயசான ஒரு கார்பரேட்டர் கார், நாலு சிலிண்டர். ஓட்டுகிற அண்ணன் காலையிலும் சாயங்காலமும் அதில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றிப் போகிறவர். "தம்பி, சிக்னல் வந்தா ஆஃப் ஆயிடுது" என்றார். நாங்க கேட்டது அவ்வளவுதான். கார்பரேட்டரை இறக்கினோம், கழுவினோம், ரிப்பேர் கிட் போட்டோம், பிளக் மாத்தினோம். ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்போது தேன் மாதிரி நின்றது. பில் கொடுத்தோம். மூணாம் நாள் அதே புகாரோடு வந்தார். இந்த முறை ஸ்லோ ஸ்க்ரூவைத் திருகி ஆர்.பி.எம்-ஐ ஏத்தி வச்சோம். "இனிமே ஆஃப் ஆகாதுண்ணே" என்று சொல்லி அனுப்பியது நான்தான்.

நாலு நாளில் மறுபடியும் வந்தார். இரண்டு முறையும் வண்டி எங்களிடம் நின்ற நாளில் பிள்ளைகளை ஆட்டோ பிடித்து அனுப்பியதில் கைக்காசு போயிருந்தது. கோபப்படாமல் பேசினார், அதுதான் எனக்குக் கஷ்டமா இருந்தது. அன்றைக்கு பெரிய மேஸ்திரி இருந்தார். பானட்டைக்கூட அவர் திறக்கச் சொல்லவில்லை. "அண்ணே, சிக்னல்ல நின்ன பிறகு ஆஃப் ஆகுதா, நிக்கப் போகும்போதா?" என்று கேட்டார்.

அண்ணன் யோசித்தார். "பிரேக்குல கால் வச்சதும் இழுக்குதுங்க. பிரேக்கும் கொஞ்ச நாளா கட்டையாத்தான் இருக்கு."

மேஸ்திரி என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

வண்டியை நிறுத்தியபடியே ஸ்டார்ட் பண்ணி, பிரேக் பெடலை மிதித்துப் பிடிக்கச் சொன்னார். 'உஸ்ஸ்'னு பெடல் பக்கத்தில் சத்தம், என்ஜின் உதறி ஆஃப். மறுபடி ஸ்டார்ட். இப்போ மேனிஃபோல்டிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் தடித்த ஹோஸை, பட்டுப்போகாமல் துணி சுற்றி, கிளாம்ப் போட்டு நெருக்கினார். பெடலை மிதித்தால் கல்லு மாதிரி இருந்தது, ஆனா என்ஜின் அசையவில்லை. பூஸ்டருக்குள் டயஃப்ரம் கிழிந்திருக்கிறது.

இது ஏன் பிரேக் மிதித்தால் மட்டும் வருகிறது என்பதை நண்பர்கள் படம் போட்டுப் பார்க்கணும். பெடலை விட்டிருக்கும்போது டயஃப்ரத்தின் இரண்டு பக்கமும் வேக்குவம்தான். கிழிந்திருந்தாலும் இரண்டு பக்கமும் ஒன்றே, என்ஜினுக்குத் தெரியாது. அதனால்தான் ஒர்க்‌ஷாப்பில் நிற்கும்போது தேன். பெடலை மிதித்ததும் பின்பக்கத்துக்கு வெளிக்காற்று திறந்துவிடுகிறது. அந்தக் காற்று கிழிசல் வழியா முன்பக்கம் வந்து, ஹோஸ் வழியா நேரே மேனிஃபோல்டுக்குப் போகிறது. 2 மில்லிமீட்டர் ஓட்டைக்கே அந்தக் கணக்கு என்றால் இதற்குச் சொல்லவே வேண்டாம்.

ஸ்லோவை ஏத்தி வச்சு நாங்க செய்தது என்ன? பூஸ்டர் செத்துக்கொண்டிருப்பதை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்த ஒரே அறிகுறியை மறைத்தோம். ஆர்.பி.எம். இன்னும் கொஞ்சம் ஏத்தியிருந்தால் வண்டி ஆஃப் ஆவதே நின்றிருக்கும், அவரும் திரும்ப வந்திருக்க மாட்டார். கட்டைப் பெடலோடு பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு ஓட்டியிருப்பார். பூஸ்டர் மாற்றும்வரை வண்டியை எடுக்க வேண்டாம் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார். முதல் பில்லின் கூலியைத் திருப்பியும் கொடுத்தார். புது பூஸ்டரை மாட்டிய பிறகு செய்த சோதனையையும் சொல்கிறேன், எல்லோரும் தெரிஞ்சுக்கணும். என்ஜினை நிறுத்திவிட்டு பெடலை நாலைந்து தடவை மிதித்து வேக்குவத்தைத் தீர்த்துவிட வேண்டும். காலை அழுத்தி வைத்தபடியே ஸ்டார்ட் பண்ணினால் பெடல் லேசாக உள்ளே இறங்கணும். இறங்கலைன்னா பூஸ்டருக்கு வேக்குவம் வரவில்லை, அல்லது பூஸ்டர் வேலை செய்யவில்லை.

மற்ற ஹோஸ்களையும் இப்படியே ஒவ்வொன்றாக நெருக்கிப் பார்க்கலாம். பிசிவி வால்வு திறந்தபடியே மாட்டிக்கொண்டாலும் இதே உதறல் வரும், அதன் ஹோஸையும் விட்டுவிடாதீங்க. சிலர் மேனிஃபோல்டு கேஸ்கெட் மேல் பெட்ரோலையோ கார்பரேட்டர் கிளீனரையோ அடித்து ஆர்.பி.எம். ஏறுதான்னு பார்ப்பார்கள். வேண்டவே வேண்டாம். சூடான எக்ஸாஸ்ட் பக்கத்திலேயே இருக்கு, ஒரு பொறி போதும். சோப்புத் தண்ணீர் பொறுமையாகத் தடவினாலே தெரியும், தடவிய இடத்தில் தண்ணீரை உள்ளே இழுக்கும்.

"இப்போ எல்லாம் எம்பிஎஃப்ஐ ஆச்சே, கார்பரேட்டர் எதுக்கு?" என்று ஜூனியர்கள் கேட்பார்கள். மாருதி 800-ன் தயாரிப்பே 2014 ஜனவரியில் நின்றுவிட்டது, உண்மைதான். ஆனா காற்றின் கணக்கு மாறவில்லை, அறிகுறி மட்டும் மாறியிருக்கு. ஏர் ஃப்ளோ சென்சார் காற்றை அளக்கும் வண்டியில், சென்சாருக்குப் பின்னால் லீக் இருந்தால் அது அளவில் வராது, மிக்சர் மெலிந்து உதறும். மேப் சென்சார் வண்டியில் லீக்கால் மேனிஃபோல்டு அழுத்தம் ஏறும். கம்ப்யூட்டர் அதற்கேற்ற பெட்ரோலையும் கொடுத்துவிடும், அதனால் ஸ்லோ தானா ஏறிப் போகும். ஒரே ஓட்டை, ஒன்றில் ஆஃப் ஆகுது, இன்னொன்றில் ரேஸ் ஆகுது! ஸ்கேனரில் கோடு வரலைன்னு வண்டியை நல்ல வண்டின்னு சொல்லிவிடக் கூடாது. த்ராட்டில் பாடியில் கரி படிந்து காற்று வழி குறுகினாலும் காலை எடுத்ததும் ஆஃப் ஆகும், ஆனா கோடு வராமலும் போகலாம். சுத்தம் பண்ணினால் சரியாகும். அதன்பின் பல வண்டிகளில் ஐட்லிங்கை மறுபடி கற்றுக்கொள்ள வைக்கணும்.

கடைசியாக வேக்குவம் கேஜ். நல்ல என்ஜினில் ஐட்லிங்கில் முள் 17-லிருந்து 21 அங்குலத்துக்குள் ஆடாமல் நிற்கும். தாழ்வாக ஆனா ஆடாமல் நின்றால் லீக், அல்லது டைமிங் பின்தங்கியிருக்கு. ஒரே சீராக விட்டு விட்டு விழுந்தால் ஒரு வால்வு எரிந்திருக்கலாம். ஊட்டிப் பக்கத்து நண்பர்கள் ஒன்றைக் கவனிக்கணும். ஆயிரம் அடி உயரத்துக்கு ஏறக்குறைய ஒரு அங்குலம் குறையும். ஊட்டி ஏழாயிரம் அடிக்கு மேல். அங்கே 12 காட்டினால் என்ஜினைத் திட்டாதீங்க.

நம்ம லேப்பிலேயே அந்த கேஜ் ஒன்று இருக்கு, கண்ணாடி பீரோவில் மேல் தட்டில். சாவி ஸ்டோர் கீப்பர் அண்ணனிடம் கேட்டு வாங்கணும். லேப் ஷட்டரைத் திறந்து வச்சுட்டு என்ஜினை ஸ்டார்ட் பண்ணுங்க, எக்ஸாஸ்ட் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கு. பிசிவி ஹோஸை நீங்களே ஒரு தடவை கழற்றிவிட்டு முள் எங்கே விழுதுன்னு பாருங்க. திரும்ப மாட்ட மறந்துடாதீங்க, அடுத்த பேட்ச் கார்பரேட்டரைக் கழற்றிடுவாங்க.