குடும்ப நலம் காக்க அயலவர் துணை: தொண்டர்களைப் பயிற்றுவிப்பது எப்படி?

தலையிடி, நெஞ்சு அடைப்பு, நித்திரையின்மை, உடம்பெல்லாம் நோவு என்று எம்மிடம் வருவோர் பலர். இரத்தம் சோதிப்போம், இருதயத் துடிப்பைப் பதிவு செய்து பார்ப்போம். எல்லாம் சரியாகவே இருக்கும். ஒருவருக்கென ஒதுக்கிய பத்து நிமிடமும் முடிந்து, எழுந்து போய்க் கதவுப் பிடியில் கை வைத்த பிறகுதான், "வீட்டில கொஞ்சம் பிரச்சினை, டொக்டர்" என்பார்கள். கணவருக்கு இரவு வேலை, மனைவிக்குப் பகல் வேலை, மகன் அறையைவிட்டு வெளியே வருவதில்லை, ஊரிலிருந்து கூப்பிட்ட அம்மா நாள் முழுவதும் தனியாக இருக்கிறார். இதற்கு எமது மருந்துச் சீட்டில் எழுத ஒன்றும் இல்லை.

ஆனால் இந்தக் கதை எமக்கு முன்பே வேறொருவருக்குத் தெரிந்திருக்கும். சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலை வாசலில் பிள்ளைக்காகக் காத்து நிற்கும் இன்னொரு தாய், கோயில் மடப்பள்ளியில் கூட நின்று மரக்கறி வெட்டும் அக்கா, ஒரே பஸ்ஸில் வேலைக்குப் போகும் அண்ணை. கேட்பவர்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். அவர்களுக்கு முறையாகப் பயிற்சி கொடுத்தால் என்ன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

இது வெறும் நல்லெண்ணம் அல்ல, பலன் அளந்து பார்க்கப்பட்ட முறை. 2006ஆம் ஆண்டு சிம்பாப்வேயின் தலைநகர் ஹராரேயில் டிக்சன் சிபாண்டா என்ற மனநல வைத்தியர், ம்பாரே என்ற ஏழ்மையான பகுதியில் 14 பாட்டிமாருக்குப் பயிற்சி கொடுத்தார். அவர்கள் அதே இடத்தில் வாழ்ந்த சாதாரண சுகாதாரத் தொண்டர்கள். சிகிச்சை நிலைய வளவில் ஒரு மரவாங்கு போட்டு, வருபவரைப் பக்கத்தில் இருத்திக் கதை கேட்டார்கள். 'மனச்சோர்வு' என்ற வைத்தியச் சொல்லை அவர்கள் பாவிக்கவில்லை. ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்றார்கள். அளவுக்கு மிஞ்சி யோசிப்பது என்று பொருள். "ஒரே யோசனை, டொக்டர்" என்று எமது சனம் சொல்வதும் இதைத்தானே!

2016இல் இதன் ஆய்வு முடிவு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளிவந்தது. 24 சிகிச்சை நிலையங்கள், 573 பேர். ஆறு மாதத்தின் பின், வழமையான கவனிப்பைப் பெற்றோரில் 49.9 வீதத்தினருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. வாங்கில் இருந்து கதைத்தவர்களில் 13.7 வீதத்தினருக்கே இருந்தன. பல மாத்திரைகளுக்குக் கூட இவ்வளவு பலன் இல்லை என்று சொல்லத் தோன்றும், ஆனால் இரண்டையும் ஒப்பிடுவது சரியல்ல. கடுமையான மனச்சோர்வுக்கு மாத்திரை வேண்டும், அதை நிறுத்தச் சொல்லும் உரிமை எந்தத் தொண்டருக்கும் கிடையாது.

எமக்கும் இது புதிதல்ல. போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் விரல்விட்டு எண்ணக்கூடிய மனநல வைத்தியர்களே இருந்தார்கள். பேராசிரியர் தயா சோமசுந்தரம் போன்றோர் ஆசிரியர்களையும் கிராம மட்ட ஊழியர்களையும் பயிற்றுவித்தே அந்தக் குறையை ஓரளவு ஈடுசெய்தனர். அவரும் வைத்தியர் சிவயோகனும் எழுதிய பயிற்சிக் கைநூல் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது.

யாரைத் தெரிவு செய்வது? மேடையில் நன்றாகப் பேசுபவரை வேண்டாம் என்பது எமது கருத்து. அவருக்குக் கேட்கப் பொறுமை இராது. சங்கப் பதவி உள்ளவரும் அவ்வளவு பொருத்தமில்லை. நாலு பேர் ஏற்கெனவே தேடிப்போய்க் கதைக்கும் ஒருவரை, பெரும்பாலும் அமைதியானவரை, தேடிப் பிடிக்க வேண்டும். ஆண்களும் கட்டாயம் வேண்டும். வேலை போனதையும் குடி கூடியதையும் ஒரு ஆண் அயல்வீட்டு அக்காவிடம் சொல்லமாட்டார். எல்லோரும் ஒரே ஊராராகவோ ஒரே பாடசாலைப் பழைய மாணவராகவோ இருந்தால் மற்ற ஊரார் எட்டிப் பார்க்கமாட்டார்கள்.

பயிற்சியின் முதற் பாடம் வாய் மூடிக் கேட்பது. மூன்று மூன்று பேராக இருத்துவோம். ஒருவர் சொல்ல, ஒருவர் கேட்க, மூன்றாமவர் கவனிப்பார். ஐந்து நிமிடத்துக்குப் புத்திமதி சொல்லக் கூடாது. எம்மவர் பலருக்கு இரண்டு நிமிடமே கடினம். "எல்லாம் சரிவரும்", "கடவுளிட்ட விடுங்கோ", "உங்களுக்கென்ன குறை" என்று வந்துவிடும். அன்பினால் சொல்வதுதான், ஆனால் கதை அத்துடன் நின்றுவிடும். உதாரணமாக ஒரு பெண், "அக்கா, இவர் வேலையால வந்தா ஒரு சொல்லும் கதைக்கிறேல்லை" என்கிறார். "ஆம்பிளையள் அப்பிடித்தான் பிள்ளை" என்றால் கதை முடிந்தது. "எப்ப இருந்து இப்பிடி? உமக்கு அது எப்பிடி இருக்கு?" என்றால் கதை தொடங்கும்.

அடுத்தது பிரச்சினைகளை ஒவ்வொன்றாக எடுத்தல். உள்ளதையெல்லாம் சொல்லவிட்டு, அதில் ஒன்றை அவரே தெரிந்தெடுத்து, அடுத்த சந்திப்புக்குள் செய்யக்கூடிய ஒரு சிறு காரியத்தை அவரே முடிவு செய்ய வேண்டும். தகப்பனும் பதினைந்து வயது மகனும் கதைப்பதில்லை என்றால், "மகனோட நண்பன் மாதிரிப் பழகுங்கோ" என்பதில் பயனில்லை. சனிக்கிழமை காற்பந்துக்குக் காரில் கூட்டிப் போவது, போகும் வழியில் மார்க்ஸ் பற்றி ஒரு கேள்வியும் கேட்காமல் இருப்பது என்றால் செய்து பார்க்கலாம்.

இனி இரகசியம். அயலவர் என்பதால்தான் நம்பி வருகிறார்கள், அயலவர் என்பதால்தான் பயப்படவும் செய்கிறார்கள். ஒரு கதை வெளியே போனால் அந்தத் தொண்டரிடம் மட்டுமல்ல, ஒருவரிடமும் இனி யாரும் வரமாட்டார்கள். கணவன் மனைவிக்குள்ளும் சொல்லக் கூடாது. வட்ஸ்அப்பில் பெயர் இல்லாமலும் எழுதக் கூடாது. தொண்டர்கள் கூடிக் கதைக்கும்போது பெயரை மட்டுமன்றி ஊரையும் தொழிலையும் மறைக்க வேண்டும், எமது சமூகத்தில் இரண்டு விபரம் போதும் ஆளைக் கண்டுபிடிக்க. ஆனால் ஒரு பிள்ளைக்கு ஆபத்து, உயிருக்கு ஆபத்து, கடும் வன்முறை என்றால் இரகசியம் நில்லாது. இதை முதற் சந்திப்பிலேயே சொல்லிவிட வேண்டும்.

வீட்டு வன்முறை என்று தெரிந்தால் இருவரையும் ஒன்றாக இருத்திச் சமாதானம் பேசவே கூடாது. பெரியவர்கள் காலங்காலமாகச் செய்தது அதுதான். அடிபடுபவர் அங்கே உண்மை சொல்லமாட்டார், சொன்னால் வீட்டுக்குப் போனபின் அதற்கும் அடி விழும். கை நீட்டாமல் காசையும் போனையும் போக்குவரத்தையும் கட்டுப்படுத்தி அடக்கி ஆள்வதும் இங்கிலாந்தில் 2015 முதல் குற்றம். அதைப் பார்த்துக் கேட்டு வளரும் பிள்ளையையும் 2021ஆம் ஆண்டுச் சட்டம் பாதிக்கப்பட்டவராகவே கொள்கிறது. தேசிய உதவித் தொலைபேசி 0808 2000 247, இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம். அது சேமித்து வைக்கும் எண் அல்ல, மனப்பாடம் செய்யும் எண். துணைவர் விசாவில் வந்த பெண்கள், வெளியேறினால் நாடு கடத்துவார்கள் என்று பயந்தே இருக்கிறார்கள். வன்முறையால் உறவு முறிந்தவர் தனியாக இங்கே நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்க வழி இருக்கிறது. எனினும் அதற்கு மேல் தொண்டர் ஒன்றும் சொல்லக் கூடாது. பதிவு பெறாதவர் குடிவரவு ஆலோசனை வழங்குவது இந்நாட்டில் குற்றம். தகுதியுள்ள சட்டத்தரணியிடம் அனுப்ப வேண்டும்.

தொண்டர்கள் மிகவும் தயங்கும் கேள்வி ஒன்று உண்டு. "உயிரை விடுற யோசனை வருதா?" நேராகக் கேட்க வேண்டும். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, பலருக்கு யாரோ கேட்டுவிட்டார்கள் என்ற ஆறுதலே வரும். ஓம் என்றால் தனியே விடக் கூடாது. வீட்டில் சேர்ந்து கிடக்கும் மாத்திரைகளை, பரசிற்றமோல் உட்பட, அகற்ற வேண்டும். உடனடி ஆபத்து என்றால் 999. இங்கிலாந்தில் 111ஐ அழைத்து 2ஐ அழுத்தினால் மனநல உதவி கிடைக்கும். சமாரிட்டன்ஸ் எண் 116 123.

பிள்ளையை மொழிபெயர்ப்பாளராக வைத்தியரிடம் கூட்டிப் போகும் வழக்கத்தையும் தொண்டர்கள் நிறுத்த உதவலாம். தாயின் அந்தரங்க வருத்தத்தைப் பத்து வயது மகன் சொல்லக் கேட்பது எமக்கே வேதனை. ஜீ.பி. நிலையத்தில் இலவசமாக மொழிபெயர்ப்பாளர் கேட்கலாம், நேரம் பதியும்போதே கேட்க வேண்டும்.

கேட்பவருக்கும் பாரம் ஏறும். எம்மில் பலர் போரைக் கண்டவர்கள், மற்றவர் கதை எமது பழைய கதையைக் கிளறிவிடும். ஒரு தொண்டருக்கு ஒரே காலத்தில் இரண்டு குடும்பங்களுக்கு மேல் வேண்டாம். மாதம் ஒருமுறை எம்முடன் கூடிக் கதைப்பது கட்டாயம், வர நேரமில்லாதவர் இப்பணியை ஏற்காமல் விடுவது நல்லது.

பயிற்சி ஆறு மாலைகள், ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். சேர விரும்புவோர் சங்கச் செயலாளரிடம் பெயரைக் கொடுக்கலாம். ஒரே வீட்டிலிருந்து கணவனும் மனைவியும் வந்தால் இருவரையும் வெவ்வேறு குழுக்களில் இருத்துவோம்.