சொல்லாத வலியை அறிவது எப்படி?

முதுமையில் வரும் மறதி நோயை டாக்டர்கள் டிமென்ஷியா என்பர். 2021-ஆம் ஆண்டில் உலகில் 5 கோடியே 70 லட்சம் பேர் இந்நோயுடன் வாழ்ந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. மேல்நாடுகளில் இவர்களுள் பலர் தங்கள் கடைசி ஆண்டுகளை முதியோர் இல்லங்களில் கழிக்கின்றனர். அங்கே குளிப்பாட்டி, உணவூட்டி, படுக்கை மாற்றும் பணியாளருக்கு வலி தணிப்புப் பராமரிப்பில் பயிற்சி தருகிறார்கள். வீட்டில் வைத்துப் பெரியவர்களைப் பார்ப்போருக்கும் அது பயன்படும் பாடமே.

1. வலி தணிப்புப் பராமரிப்பு என்பது யாது?

நோயைக் குணப்படுத்த இயலாதபோதும் நோயாளியின் துன்பத்தைக் குறைப்பது. 1967-ல் லண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் திறந்த டாக்டர் சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், உடல், மனம், குடும்பம், ஆன்மா ஆகிய நான்கிலும் வலி உண்டு, நான்கையும் கவனிக்க வேண்டும் என்று கற்பித்தார்.

2. மறதி நோய்க்கு இது எதற்கு?

"மறதிதானே, உயிருக்கு என்ன?" என்று கேட்போர் பலர். அது தவறு. இந்நோய் படிப்படியாகப் பேச்சையும் நடையையும் விழுங்கும் சக்தியையும் அழித்து, மரணத்தில் முடிகிறது. பாஸ்டன் நகர்ப் பகுதியில் நோய் முற்றிய 323 பேரை 18 மாதம் கவனித்ததில், பாதிக்கு மேற்பட்டோர் அதற்குள் இறந்தனர். முடிவு நெருங்குவதை அறிந்திருந்த குடும்பத்தார், கடைசி மாதங்களில் நோயாளியை ஆஸ்பத்திரி, குழாய் என்று அலைக்கழிப்பது குறைவாயிருந்தது. 2009-ல் வெளியான ஆய்வு இது.

3. வலியை எப்படி அறிவது?

நோயாளியால் "வலிக்கிறது" என்று சொல்ல முடியாது. ஆகையால் ஐந்து இடங்களைப் பார்க்கப் பழக்குகிறார்கள்: மூச்சு இரைக்கிறதா? முனகுகிறாரா, கூவுகிறாரா? முகம் சுளிக்கிறாரா? கை இறுகி, கால் மடங்கி இருக்கிறதா? தொட்டுப் பேசினால் ஆறுதல் அடைகிறாரா? ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 10. 2003-ல் அமெரிக்காவில் வெளியான இந்த அளவுகோலுக்குப் 'பெயினாட்' என்று பெயர்.

"கிழவர் அடிக்க வருகிறார், முரண்டு பிடிக்கிறார்" என்று பணியாளர் சொல்வதுண்டு. நார்வே நாட்டில் 18 இல்லங்களில் இப்படி அமைதியிழந்திருந்த 352 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. ஒரு பகுதியினருக்கு எட்டு வாரம் முறைப்படி வலி மருந்து கொடுத்தனர். பெரும்பாலோருக்குக் கொடுத்தது சாதாரணப் பாராசிட்டமாலே. அவர்களுடைய முரண்டு சராசரி 17 சதவீதம் குறைந்தது. 2011-ல் இது வெளியாயிற்று. கோபம் என்று நாம் எண்ணியதில் ஒரு பங்கு வலியாயிருந்தது! ஆனால் மருந்தையும் அளவையும் டாக்டரே சொல்ல வேண்டும், நாமாகக் கொடுக்கலாகாது.

4. உண்ண மறுத்தால்?

நிமிர்த்தி உட்கார வைத்து, எதிரே அமர்ந்து, சிறு கரண்டியால் ஊட்டி, விழுங்கிய பிறகே அடுத்த வாய் தரவேண்டும். வாயை மூடிக்கொண்டால் திணிக்கலாகாது. சற்றுப் பொறுத்து மறுபடி முயல வேண்டும். நோய் முற்றியவருக்கு மூக்கிலோ வயிற்றிலோ குழாய் செருகுவதைவிடக் கையால் பொறுமையாய் ஊட்டுவதே மேல் என்று அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கம் 2014-ல் அறிவுறுத்தியது. கடைசி நாட்களில் பசி அடங்குவது நோயின் இயல்பு, ஊட்டுபவரின் குற்றமன்று. அப்போது உதட்டையும் நாவையும் ஈரத்துணியால் நனைப்பது பெரிய ஆறுதல்.

5. பயிற்சி கொடுத்தால் போதுமா?

போதாது. பெல்ஜியம், இங்கிலாந்து, பின்லாந்து, இத்தாலி, நெதர்லாந்து, போலந்து, சுவிட்சர்லாந்து ஆகிய ஏழு நாடுகளில் 78 இல்லங்களைக் கொண்டு நடந்த ஆய்வின் முடிவு 2020-ல் வெளியாயிற்று. பயிற்சி பெற்ற இல்லங்களில் பராமரிப்பின் தரம் உயர்ந்ததாகப் பணியாளர் கூறினர். ஆயினும் நோயாளரின் கடைசி வாரத்துச் சுகத்தில் வேறுபாடு காணப்படவில்லை. வகுப்பில் கேட்டது கட்டிலருகே வரை போய்ச் சேர வேண்டும். அதற்கு ஆள் வேண்டும், நேரம் வேண்டும். பணிப்பெண் "இன்று இவர் முகம் சரியில்லை" என்றால் அதைக் காதில் வாங்கும் மேலதிகாரியும் வேண்டும்.

குடும்பத்தார்க்கும் இதில் பங்கு உண்டு. அப்பா எந்தப் பக்கம் திரும்பிப் படுப்பார், எந்தப் பாட்டுக்குத் தலையசைப்பார், எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், பழைய முழங்கால் வலி எந்தக் காலில்? இவை பணியாளருக்கு எந்த வகுப்பிலும் கிடைக்காதவை. நாம்தான் எழுதிக் கொடுக்க வேண்டும்.

சிந்தனைக்கு:

1. நம் வீட்டுப் பெரியவர் முரண்டு பிடிக்கும்போது, கண்டிக்குமுன் எங்கே வலிக்கிறதென்று பார்க்கிறோமா?

2. அவரால் பேச முடிகிற இப்போதே, கடைசிக் காலத்தில் தமக்கு என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்று கேட்டிருக்கிறோமா?

3. அவரைக் கவனிக்கும் பணிப்பெண் ஒன்று சொன்னால், நாம் காது கொடுக்கிறோமா?