வீட்டிலேயே பள்ளி நடத்தும் மகளுக்கு

பாளையங்கோட்டை

கிறிஸ்துவுக்குள் அன்பான மகளுக்குப் பெரியம்மா எழுதுவது.

உன் கடிதம் கிடைத்தது. பிள்ளைகளை வீட்டிலேயே படிக்க வைப்பது என்று நீயும் மாப்பிள்ளையும் ஜெபித்து எடுத்த முடிவைப் பற்றி நான் இனி ஒன்றும் கேட்கப் போவதில்லை. நீ கேட்டிருப்பதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். அட்டவணைப்படி நடத்தினால் வீடு முழுக்க அழுகை, விட்டுப்பிடித்தால் மத்தியானம் வரை ஒருவரும் புத்தகத்தைத் தொடுவதில்லை என்று எழுதியிருக்கிறாய்.

கோயம்புத்தூர் வந்திருந்தபோது உன் ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த அட்டவணையைப் பார்த்தேன். எட்டு மணிக்கு ஜெபம், எட்டே காலுக்குக் கணக்கு, எட்டே முக்காலுக்குத் தமிழ். அன்று காலை யோசேப்பை அண்ணன்மார் விற்றுப்போட்ட பகுதியை வாசித்தீர்கள். சின்னவன் கேட்டான், “அண்ணன்க பொய் சொன்னாங்கன்னு அவங்க அப்பாவுக்கு எப்பம்மா தெரிஞ்சிது?” நீ கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “நேரமாச்சு, கணக்கு நோட்டை எடு” என்றாய். அவன் எடுத்தான். ஆனால் அந்தக் கேள்வி எவ்வளவு பெரியது தெரியுமா? யாக்கோபுக்கு உண்மை எப்போது தெரிந்தது என்று ஆதியாகமம் நேராகச் சொல்லவே இல்லை. பெரியவர்களே கவனிக்காமல் தாண்டிப்போகிற இடத்தில் ஏழு வயதுப் பிள்ளை நின்றிருக்கிறான். அவனோடு நீயும் பத்து நிமிஷம் நின்றிருந்தால் கணக்கு எங்கும் ஓடிப்போயிருக்காது.

பள்ளிக்கூடத்தில் மணி அடிப்பதற்குக் காரணம் இருக்கிறது. அடுத்த வகுப்பு ஆசிரியர் வாசலில் காத்து நிற்பார். நாற்பது பிள்ளைகள் ஒரே நேரத்தில் சாப்பிடப் போக வேண்டும். அந்த நெருக்கடியிலேயே வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். உன் வாசலில் யாரும் காத்து நிற்கவில்லை. அதனால் நேரத்தை விட்டுவிட்டு வரிசையைப் பிடித்துக்கொள். பலகாரம் முடிந்ததும் ஜெபம், ஜெபம் முடிந்ததும் கணக்கு, அதன் பின் வாசிப்பு, அப்புறம் எழுத்து. தொடங்குவது எட்டு மணியா ஒன்பதரையா என்பது அந்தந்த நாளைப் பொறுத்தது. ஒன்று முடிந்தால் அடுத்தது எது என்று பிள்ளைக்குத் தெரிந்திருந்தால் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

மாப்பிள்ளைக்கு நைட் ஷிப்ட் வரும் வாரங்களில் குடும்ப ஜெபத்தை அவர் வீடு திரும்பும் காலை நேரத்துக்கு மாற்று. அவர் இல்லாமல் ராத்திரி எட்டு மணிக்கே நடத்தியாக வேண்டும் என்று கட்டளை எதுவும் இல்லை. கைக்குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அன்று ஜெபமும் கணக்கும் வாசிப்பும் போதும், மற்றதைத் தள்ளிவை. தள்ளிவைத்ததை மறுநாள் சேர்த்துத் திணிக்காதே. மன்னாவைக்கூட அன்றன்றைக்குத்தான் பொறுக்கச் சொன்னார் ஆண்டவர். டிசம்பரில் கேரல் ரவுண்ட்ஸ் போய் நள்ளிரவில் வந்து படுத்த பிள்ளையைக் காலையில் உலுக்கி எழுப்பிப் பாடம் நடத்தாதே. அந்த மாதத்தை லேசாக வைத்துக்கொண்டு, மே மாதத்தில் வெயில் ஏறுமுன் படித்து ஈடுகட்டலாம்.

ஆனால் ஒன்றில் கண்டிப்பாக இரு. எதை விடுவது என்பதை முந்தின ராத்திரியே நீ முடிவு செய்துவிடு. காலையில் முகத்தைப் பார்த்து, கெஞ்சலைக் கேட்டு விடாதே. கெஞ்சினால் அம்மா விட்டுவிடுவாள் என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் அப்புறம் தினமும் கெஞ்சல்தான். எதிர்பாராமல் நோய்நொடி வந்தால், விருந்தாளி வந்தால் அது வேறு.

சூசன்னா வெஸ்லியைப் பற்றிச் சபையில் கேள்விப்பட்டிருப்பாய். ஜான் வெஸ்லி, சார்லஸ் வெஸ்லி இருவருக்கும் தாய். இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் போதகர் வீடு. பத்தொன்பது பிள்ளைகள் பெற்று, பத்துப் பேரை வளர்த்தெடுத்தவர். காலையில் மூன்று மணி நேரம், பிற்பகல் மூன்று மணி நேரம் என்று வீட்டிலேயே பள்ளி நடத்தினார். அவரைப்போலக் கண்டிப்பானவர் அபூர்வம். ஐந்து வயது நிறைந்த மறுநாள் எழுத்துக்களை ஆரம்பிப்பார். பெரும்பாலான பிள்ளைகள் ஒரே நாளில் படித்துவிட்டார்கள், இரண்டு பெண்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆனது. கடைசி மகளுக்கு மற்றவர்கள் பேச்சைக் கேட்டு ஐந்து வயதுக்கு முன்பே தொடங்க, அவளுக்குத்தான் மற்றவர்களைவிட அதிக காலம் பிடித்தது. அவசரப்படுகிற தாய்மார்களுக்கு நான் இதை எப்போதும் சொல்வதுண்டு.

1709-ல் அந்த வீடு தீப்பற்றி எரிந்தது. பிள்ளைகளை வேறு வேறு வீடுகளில் விட வேண்டிவந்தது. திரும்பக் கூடியபோது பழைய ஒழுங்கெல்லாம் கலைந்துபோயிருந்தது, கெட்ட பழக்கங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் ஒழுங்கை மறுபடி முதலிலிருந்து கட்டினார். அதன் பின்புதான், கிழமைக்கு ஒரு பிள்ளை என்று ராத்திரியில் தனியாக உட்கார்ந்து பேசும் வழக்கமும் அந்த வீட்டில் வந்தது. ஜானுக்கு வியாழக்கிழமை. பெரியவனாகி ஆக்ஸ்போர்டில் இருந்தபோதும் அந்த வியாழக்கிழமை மாலையை நினைத்து அவர் அம்மாவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். ஆறு மணி நேர வகுப்பைப் பார்த்து மலைத்துப்போகாதே. நீ எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த வியாழக்கிழமையைத்தான்.

பாடங்கள் குறுகியதாக இருக்கட்டும். வீட்டுக் கல்வி பற்றி நிறைய எழுதிய ஷார்லட் மேசன் அம்மையாரும் சிறு பிள்ளைகளுக்குக் கால்மணி, இருபது நிமிஷத்துக்குமேல் ஒரு பாடம் போகக் கூடாது என்றுதான் சொன்னார். படித்ததைப் பிள்ளையே தன் வாயால் திரும்பச் சொல்ல வேண்டும் என்பார். பிற்பகலில் வெளியே விட்டுவிடு. மண்ணும் மரமும் அவர்களுக்கு வேண்டும்.

பரீட்சையை நினைத்துத்தான் நீ இப்படி விரட்டுகிறாய் என்று எனக்குத் தெரியும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யவே பதினான்கு வயது ஆக வேண்டும். பதிந்தபின் ஐந்து வருஷம், ஒன்பது வாய்ப்பு. பாடங்களை ஒவ்வொன்றாகவும் எழுதி முடிக்கலாம். சின்னவனுக்கு இப்போது ஏழு. வகுத்தல் கணக்குக்கு அவன் இன்னும் இரண்டு மாதம் கூட எடுத்துக்கொண்டால் என்ன கெட்டுப்போகும்?

அந்த அட்டவணையைக் கிழித்துவிட்டு, வரிசையை மட்டும் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டு. மூன்று பிள்ளைகளில் கைக்குழந்தைக்கு இப்போது எதுவும் வேண்டாம். மற்ற இருவருக்கும் ஆளுக்கொரு கிழமையை ஒதுக்கு. எந்தக் கிழமை என்பதை அவர்களிடமே கேள். மூத்தவள் சனிக்கிழமைதான் கேட்பாள் என்று நினைக்கிறேன். அன்றுதானே ஞாயிற்றுக்கிழமைச் சமையலுக்கு மசாலா அரைக்க உன்னோடு அடுக்களையில் நிற்பாள். சின்னவன் எதைக் கேட்டான் என்று எனக்கு எழுது.

அன்புடன்,
பெரியம்மா