கணினித் திரையிற் குடாநாட்டின் நிலவுயரம்

நிலத்தை அளந்து படம் வரைதல் ஒரு கலை. வரைந்த படத்தைக் கொண்டு நிலத்தை அறிதல் பிறிதொரு கலை. முன்னையது நில அளவையாளருக்கு உரியது. பின்னையது கற்றோர் யாவருக்கும் உரியது. எமது பழைய மாணவருட் பலர் ஓரங்குலத் தேசப்படத்தை மேசைமீது விரித்து, குளத்தையும் தெருவையும் கோவிலையும் விரலால் தொட்டு அறிந்தவர்களே. அப்படத்தில் ஓர் அங்குலம் ஒரு மைலைக் குறித்தது. அஃதாவது நிலத்தின் 63,360 அங்குலம் தாளில் ஓர் அங்குலமாகச் சுருங்கிற்று. இன்று அவ்விரிப்பைக் கணினித் திரையிற் காண்கின்றோம். பொருட்செலவின்றிக் கிடைக்கும் ஒரு தேசப்பட மென்பொருளினால் யாழ்ப்பாணக் குடாநாட்டின் நிலவுயரத்தைக் காண்பது எங்ஙனம், கண்டதை எவ்வளவுக்கு நம்பலாம் என்பனவே நாம் ஈண்டு ஆராயப் புகுவன.

கியூ. ஜீ. ஐ. எஸ். என வழங்கும் அம்மென்பொருளைக் கரி ஷேர்மன் என்பார் 2002ஆம் ஆண்டில் தொடங்கினார். லினக்ஸ் முறையில் இயங்கும் கணினியிலே புவியியற் தரவுகளைத் திறந்து பார்க்க ஒரு கருவி வேண்டும் என்பதே அவரது முதல் நோக்கம். 2009ஆம் ஆண்டு சனவரியில் 1.0 எனும் பதிப்பு வெளிவந்தது. பிற்காலத்திற் பல நாட்டாரும் கூடி அதனை வளர்த்தனர். அதன் மூல நிரலைப் படிக்கவும் திருத்தவும் பிறருக்கு வழங்கவும் எவருக்கும் உரிமை உண்டு. விண்டோஸ், மக் கணினிகளிலும் அது இயங்கும். ஆதலின் ஆய்வுகூடத்திலே பழைய கணினி ஒன்றிரண்டே உள்ள பாடசாலையும் இதனைக் கையாளலாம்.

இம்மென்பொருளின் அடிப்படைக் கருத்து 'படை' என்பது. ஊடுதெரியும் தாள்கள் பலவற்றில் ஒன்றில் தெருக்களையும், ஒன்றிற் குளங்களையும், ஒன்றில் ஊரெல்லைகளையும் வரைந்து, ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தாற்போல் என்க. மேலுள்ள தாள் கீழுள்ளதை மறைக்கும், வேண்டாததை எடுத்துவிடலாம். தெரு, குளம் முதலியன புள்ளி, கோடு, பரப்பு என்னும் வடிவில் அமைவன. உயரம், செய்மதிப் படம் முதலியன சிறு சிறு கட்டங்களால் ஆவன. தெருக்களையும் ஊர்களையும் 2004இல் இங்கிலாந்திலே தொடங்கிய 'ஓப்பன் ஸ்ரீற் மப்' என்னும் பொதுத் தொகுப்பிலிருந்து கட்டணமின்றிப் பெறலாம்.

படைகளை அடுக்குமுன் ஆள்கூற்று முறையை நோக்குதல் வேண்டும். இவ்விடத்திலேதான் புதியோர் பெரிதும் இடர்ப்படுகின்றனர். இலங்கைத் தேசப்படங்களுக்கு இரண்டு வலையமைப்புக்கள் உள்ளன: பழைய கண்டவளை முறை ஒன்று, 1999ஆம் ஆண்டின் முறை மற்றொன்று. இரண்டிற்கும் தொடக்கம் பீதுருதாலகால மலையே. ஆயினும் பழையதில் அத்தொடக்கத்துக்குக் கிழக்கே 200,000, வடக்கே 200,000 மீற்றர் என எண் இடப்பட்டது. புதியதில் இரண்டும் 500,000 ஆயின. ஆகவே புதிய முறையில் அளந்த ஊரைப் பழைய முறையென மென்பொருளுக்குச் சொல்லின், அவ்வூர் 300 கிலோமீற்றர் கிழக்கும் அவ்வளவு வடக்கும் நகர்ந்து விடும். யாழ்ப்பாணம் வங்காள விரிகுடாவினுள்ளே போய்க் கிடக்கும்! இத்தகைய பெரும் பிழை கண்ணுக்குத் தெரிவதால் தீமை குறைவு. பழைய முறைக்கு 5234, புதியதற்கு 5235 என்னும் இலக்கங்களைச் சரியாகக் கொடுத்தால், வெவ்வேறு முறையில் அமைந்த படைகளையும் மென்பொருள் தானே பொருத்திக் காட்டும்.

இனி உயரத்துக்கு வருவோம். 2000ஆம் ஆண்டு பெப்ருவரி மாதத்தில் 'என்டெவர்' என்னும் அமெரிக்க விண்வெளி ஓடம் 11 நாள் புவியைச் சுற்றி, 60 மீற்றர் நீளமான கோலின் இரு முனையிலும் அமைந்த ரேடார் வாங்கிகளால் நிலத்தின் உயரத்தை அளந்தது. வட அகலக்கோடு 60 பாகை தொடக்கம் தென் அகலக்கோடு 56 பாகை வரையுள்ள நிலம் இதில் அடங்கும். ஒரு விகலைக்கு ஓர் எண்ணாக, ஏறக்குறைய 30 மீற்றர்க் கட்டங்களாக அமைந்த இத்தரவு, உலகின் பெரும்பகுதிக்கு 2014ஆம் ஆண்டு தொடக்கமே படிப்படியாக வெளியிடப்பெற்றது. ஒரு பாகைச் சதுரத்துக்கு ஒரு கோப்பு. 80ஆம் நெடுங்கோடு யாழ்ப்பாண நகரத்துக்குச் சற்று மேற்கே செல்வதால், நகரம் ஒரு கோப்பிலும், நெடுந்தீவும் காரைநகரும் மற்றொன்றிலும் அகப்படுகின்றன. இரண்டையும் ஒருங்கே திறத்தல் வேண்டும்.

திறந்தவுடன் மாணாக்கர் ஏமாற்றம் அடைவர். குடாநாடு முழுவதும் வேறுபாடற்ற கருமையாகவே தோன்றும். காரணம் யாதெனின், அக்கோப்பில் வன்னியின் உயர்ந்த நிலமும் இருத்தலின், மென்பொருள் அதன் உயரத்துக்கு வெண்மையையும் தாழ்ந்ததற்குக் கருமையையும் பகிர்ந்து விடுகின்றது. குடாநாட்டின் பெரும்பகுதியோ கடல்மட்டத்துக்கு மேல் 10 மீற்றருக்கு உட்பட்டது. நிறப் பங்கீட்டை 0 தொடக்கம் 12 வரை எனக் குறுக்கி அமைத்தால், அதுகாறும் மறைந்து கிடந்த மேடும் பள்ளமும் வெளிப்படும். வலிகாமத்தின் வடபால் உயர்தலும், உப்பாற்றின் ஓரம் தாழ்தலும் தெரியும். தரவு மாறவில்லை, பார்வை மாறிற்று. எம் மனத்துக்கு இம்மென்பொருளின் சிறப்புகளுள் இதுவே தலையாயது.

ஆயினும் இவ்வின்பத்திலேயே அபாயமும் உளது. கடல் ஒரு மீற்றர் உயர்ந்தால் எவ்வூர் மூழ்கும் என அறிய விரும்பி, 1 மீற்றருக்கு உட்பட்ட கட்டங்களை நீலமாக்குதல் சில நிமிட வேலை. படமும் அழகாக அமையும். அதைக் கண்டோர் 'எமது ஊர் தப்பிற்று' என்று ஆறுதல் கொள்வர். அவ்வாறுதல் ஏற்கத்தக்கதன்று. அந்த ரேடாரின் அலை 5.6 சதமமீற்றர் நீளமானது; அது அடர்ந்த இலைகளை முற்றாக ஊடுருவித் தரையை அடைவதில்லை. ஆகவே கோப்பிலுள்ள எண், தரைக்கும் மரத்தலைக்கும் கூரைக்கும் இடைப்பட்ட ஏதோ ஓர் உயரம். 20 மீற்றருக்கு மேலும் வளரும் பனைகள் நெருங்கிய கூடலும் தென்னந்தோட்டமும் படத்தில் மேடாகத் தோன்றக்கூடும். அன்றியும் எண்கள் முழு மீற்றர்களாகவே உள்ளன. 16 மீற்றர் வரை பிழையைப் பொறுக்கும் அளவிலேயே அத்திட்டம் வகுக்கப்பட்டது. மலைநாட்டுக்கு இது சிறு பிழை. எமக்கோ முழு உயரத்தையும் விழுங்கும் பிழை. 2019இல் 'நேச்சர் கொமியூனிக்கேஷன்ஸ்' என்னும் ஏட்டில் வெளிவந்த ஓர் ஆய்வு, இப்பிழையைத் திருத்திக் கணக்கிட்டபோது, கடலேற்றத்தால் இடருறும் உலக மக்களின் தொகை முன்னைய மதிப்பைப் போல் மூன்று மடங்காயிற்று எனக் காட்டிற்று.

வேறும் உண்டு. தொண்டைமானாற்றில் உவர்நீரைத் தடுக்கும் அணை 30 மீற்றர்க் கட்டத்தினுள் ஒடுங்கி மறைந்துபோம். கிணற்று நீரையும் மறத்தலாகாது. எமது சுண்ணாம்புக்கல்லினுள் நன்னீர் உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நிற்பின், கீழே ஏறத்தாழ 40 அடி இருக்கும் என்பது நிலநீர் நூலார் கொள்கை. கடல் மேலேறி ஊரை மூழ்கடிக்குமுன்னரே கிணறு கெடலாம். உயரப் படம் அதனைச் சொல்லாது.

ஆதலின் மேல்வகுப்பு மாணாக்கருக்கு ஒரு பயிற்சியைக் கூறுவோம். உயரங்கள் அடியிற் குறிக்கப்பட்ட பழைய ஓரங்குலப் படம் ஒன்றை ஒளிவருடியாற் படியெடுத்து, தெருச் சந்திகள் நான்கைந்தைக் கொண்டு மென்பொருளிற் பொருத்துக. அதிலுள்ள ஒவ்வோர் உயரப் புள்ளியையும் 0.3048ஆற் பெருக்கி மீற்றராக்கி, அதே இடத்தில் ரேடார்க் கட்டம் தரும் எண்ணை அருகில் எழுதுக. வயல்வெளிப் புள்ளிகளை ஒரு நிரலிலும், பனங்கூடற் புள்ளிகளை மற்றொரு நிரலிலும் இட்டு, இரு நிரல்களிலும் வேறுபாட்டின் சராசரியைக் காண்க. ஒரு நிரலுக்குப் பத்துப் புள்ளிகளேனும் கிடைத்த பின்னரே நீல நிறத்தைத் தொடுக.